மேழியிலிருந்து இருக்கைக்கு: தோட்ட உழுவைகளின் வடிவ வரலாறு

தோட்டம் என்னும் சொல் மலேசியத் தமிழர்களாகிய நம்முடைய காதில் விழுந்தவுடன், வரிசை வரிசையாக நிற்கும் பால்மரங்களும் விடியற்காலைப் பெரட்டும் லயன் வீடுகளுமே மனக்கண்முன் தோன்றும். எனவே 'தோட்ட உழுவை' என்று ஒருவர் கூறுவாராயின், பால் நிரம்பிய தொட்டியை இழுத்துக்கொண்டு செம்மண் சாலையில் புழுதி கிளப்பிச் சென்ற பெரிய டிராக்டரையே நம் மாணவர்கள் எண்ணிக்கொள்வர். இக்கட்டுரையில் பேசப்படுவது அஃதன்று. வீட்டை ஒட்டிய காய்கறிக் கொல்லையை உழுவதற்கென்று, பெரும்பாலும் அமெரிக்க நாட்டில், 1910களில் தோன்றி 1980கள் வரை பல வடிவங்களை எடுத்த சிறு உழுவைகளே இங்குப் பேசுபொருள்.

பெயரைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். டிராக்டர் என்பது 'இழுத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. நாம் அதனை 'உழுவை' என்று ஆக்கிக்கொண்டபோது, இழுத்தலை விட்டு உழுதலைப் பற்றிக்கொண்டோம். சங்க இலக்கியத்தில் உழுவை என்றால் புலி. இற்றை நாளில் அச்சொல் இரும்பாலான வேறொரு விலங்கைக் குறிக்கிறது. இதனை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டா. தோட்ட உழுவையின் வரலாறு முழுவதும், உழுவதற்காகவே பிறந்த ஒரு கருவி எவ்வாறு உழுவதை நிறுத்திவிட்டு வேறு தொழிலுக்குப் போயிற்று என்பதைப் பற்றியதே. தமிழ்ப் பெயர் அந்த மாற்றத்தை நமக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

குதிரை இல்லாத கொல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பெருநகரங்களைச் சுற்றி ஒரு வகைச் சிறு உழவர்கள் பெருகினர். ஐந்தோ பத்தோ ஏக்கரில் வெங்காயம், கீரை, தக்காளி முதலியன பயிரிட்டு, விடியுமுன் நகரச் சந்தைக்குக் கொண்டுசெல்வது அவர்கள் தொழில். அவர்களுடைய இடர்ப்பாடு எளிதில் விளங்கக்கூடியது. குதிரை வைத்து உழுதால், அக்குதிரையின் தீவனத்துக்கே நிலத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். வேலை இல்லாத நாளிலும் அது தின்றாக வேண்டும். அன்றியும் நெருக்கமாக நட்ட வெங்காய வரிசைகளுக்கிடையே குதிரையின் குளம்பு போகாது. ஆகவே அவர்கள் மனிதனே தள்ளிச் செல்லும் சக்கரக் களைக்கொத்தியை நாடினர். பிலடெல்பியா நகரின் எஸ். எல். ஆலன் நிறுவனம் 'பிளானட் ஜூனியர்' என்ற பெயரில் விற்ற அத்தகைய கருவிகள் பெரும்புகழ் பெற்றவை. முன்னால் ஒரு சக்கரம், அதன்பின் இரண்டு மூன்று கொத்துகள், பின்புறம் இரண்டு கைப்பிடிகள், அவ்வளவே அமைப்பு. கைப்பிடியை நாம் மேழி என்றே சொல்லலாம். எருதின் இடத்தில் மனிதனே நின்றான் என்பது மட்டும் வேறுபாடு.

தோட்ட உழுவையின் முதல் வடிவம் இந்தக் களைக்கொத்தியிலிருந்தே வந்தது. பெரிய டிராக்டரைச் சுருக்கிச் செய்ததாக எண்ணுவது தவறு. 1910களில் மினியாபொலிஸ் நகரின் பீமன் நிறுவனம் போன்றவை, இரண்டு இரும்புச் சக்கரங்களின்மேல் ஓர் எஞ்சினை ஏற்றி, பின்னால் நீண்ட மேழிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கின. உழவன் பின்னால் நடந்தான். எஞ்சின் அச்சுக்குச் சற்று முன்னால் வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. கொழு மண்ணில் பதிந்து இழுபடும்போது முன்பகுதி மேலெழ முயலும். எஞ்சினின் எடை அதனை அழுத்திப் பிடிக்கும். சக்கரங்களுக்கிடையே உயரமான வளைவு விடப்பட்டதற்கும் காரணம் உண்டு. பயிர் வரிசையின் இருபுறமும் சக்கரங்கள் ஓட, பயிர் அந்த வளைவின்கீழ் தலை ஒடியாமல் தப்ப வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் நிகழ்ந்த மாற்றங்கள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

நிழற்படக்காரர் செய்த கலப்பை

இக்கருவியை உருவாக்கியவர்களுள் தனியே குறிப்பிடத்தக்கவர் பெஞ்சமின் பிராங்கிளின் கிரேவ்லி. மேற்கு வர்ஜீனியாவில் நிழற்படக் கூடம் நடத்தி வந்த இவர் உழவரும் அல்லர். பொறியியல் கற்றவரும் அல்லர். தம் வீட்டுக் கொல்லையைக் கொத்துவது களைப்பாக இருந்தமையால், கையால் தள்ளும் கலப்பை ஒன்றில் 'இந்தியன்' என்னும் மோட்டார் சைக்கிளின் உறுப்புகளைப் பொருத்திப் பார்த்தார். பலமுறை முயன்று 1916இல் தம் 'மோட்டார் கலப்பை'க்குக் காப்புரிமை பெற்றார்; 1922இல் டன்பார் என்னும் ஊரில் தொழிற்சாலை அமைத்தார். அவருடைய முதல் கலப்பைக்கு ஒரே சக்கரம்தான். களைக்கொத்தியின் மரபு அதில் அப்படியே தெரிகிறது. பின்னர் வந்த இரட்டைச் சக்கர வகையில், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு ஆற்றலைக் கொண்டுசெல்ல வார்ப்பட்டையோ சங்கிலியோ வைக்காமல், முழுவதும் பற்சக்கரங்களையே, எண்ணெயில் மூழ்கி மூடிய பெட்டிக்குள் அமைத்தனர். வார் நழுவும், அறும், பற்சக்கரம் நழுவாது. விலை கூடியது, ஆயுளும் கூடியது. அந்நாளைய கிரேவ்லி உழுவைகள் சில இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பற்சக்கரப் பெட்டியே காரணம் எனலாம்.

கிரேவ்லி கொழுவை மறக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் உலகின் வேறு இரண்டு மூலைகளில், கொழுவையே விட்டுவிடலாம் என்று எண்ணியவர்கள் இருந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டின் கொன்ராட் ஃபொன் மையன்பர்க், மண்ணை விலங்குகள் நகத்தால் பறண்டுவதைப்போல, சுழலும் நகங்களால் மண்ணைப் பொடியாக்கும் கருவிக்கு 1910ஆம் ஆண்டை ஒட்டிக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் சீமென்ஸ்-ஷுக்கர்ட் நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. மற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆர்தர் கிளிஃபோர்டு ஹவர்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்கண்ட்ரா ஊரில் தம் தந்தையின் பண்ணையில், 1912இல், இவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கலப்பையால் உழும்போது அடிமண் இறுகிப்போவதைக் கண்ட அவர், நீராவி உழுவையின் சுழல்தண்டிலிருந்து ஆற்றலை எடுத்து வெட்டுத்தட்டுகளைச் சுழற்றிப் பார்த்தார். மண் பக்கவாட்டில் வாரி எறியப்பட்டது, அது பயன்படவில்லை. பின்னர் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் வளைந்த அலகுகளைச் சிறிய உருளையில் பொருத்தினார். மண் சீவல் சீவலாக அறுபட்டு அங்கேயே உதிர்ந்து விழுந்தது. 1920இல் காப்புரிமை, 1922இல் நிறுவனம், 1938இல் இங்கிலாந்தில் மற்றொரு நிறுவனம். இன்று உலகெங்கும் சுழல்கலப்பைகளில் காணப்படுவது பெரும்பாலும் அந்த வளைந்த அலகுதான்.

இந்த மாற்றம் வடிவத்தை எவ்வாறு தாக்கியது? கொழுவை இழுக்க எடை வேண்டும். எடை இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சுழலும் அலகோ மண்ணை வெட்டும்போதே கருவியை முன்னோக்கித் தள்ளிவிடும். எனவே சுழல்கலப்பைக்கு எடை குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் எஞ்சினின் வலிமை கூட வேண்டும். எடையை நம்பியவர்கள் ஒரு வழியாகவும், சுழற்சியை நம்பியவர்கள் மற்றொரு வழியாகவும் பிரிந்தனர். அமெரிக்கர் பெரும்பாலும் முதல் வழியில் சென்றனர். சப்பானியர் இரண்டாம் வழியைப் பின்பற்றி நெல்வயலுக்கேற்ற சிறு உழுவைகளைச் செய்தனர். கூபோட்டா நிறுவனத்தின் கை உழுவை 1947இல் வெளிவந்தது. 1959இல் ஹோண்டா நிறுவனமும் தன் எஃப்150 வகையுடன் இத்துறையில் இறங்கியது. 1970இல் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் இருபோகச் சாகுபடியைக் கொண்டுவந்த காலத்தில் வயலில் எருமையின் இடத்தைப் பிடித்தவற்றுள், உழவர் பின்னால் நடந்து செலுத்திய இத்தகைய இருசக்கர உழுவைகளும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம், ஊர்ப் பட்டறைகளிலேயே செய்துகொள்ளத்தக்க எளிய கை உழுவை ஒன்றை வடிவமைத்து 1970களில் பரப்பியதும் இங்கு நினைக்கத்தக்கது. நம் வட்டாரத்தில் இக்கருவி உழவைக் கைவிடவே இல்லை. அமெரிக்காவில் நிகழ்ந்ததுதான் வேறு.

உட்கார்ந்த உழவன்

நடந்து நடந்து கால் ஓய்ந்தவன் உட்கார விரும்புவது இயல்பு. முதலில் இருசக்கர உழுவையின் பின்னால், சிறு சக்கரங்களின்மேல் ஓர் இருக்கையைக் கோத்து இழுத்தனர். திரும்பும்போது அது மடங்கிக்கொள்ளும் தொல்லை இருந்தது. 1930களில் பொருளாதார வீழ்ச்சியின்போதும், அடுத்து வந்த போரின்போதும், டிராக்டர் வாங்க வசதியில்லாத சிற்றூர் உழவர்கள் பழைய ஃபோர்டு கார்களை அறுத்துச் சுருக்கித் தாமே உழுவை செய்துகொண்டனர். 'டூடுல்பக்' என்ற வேடிக்கைப் பெயர் அவற்றுக்கு வழங்கியது. வடிவமைப்பாளர் என்று ஒருவரும் பெயர் பெறாத இந்தக் கொட்டகைப் பட்டறைகளில்தான், நான்கு சக்கரமும் இருக்கையும் உடைய சிறு உழுவை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. வரலாற்று நூல்கள் காப்புரிமை பெற்றவர்களையே பேசும். ஆனால் அறுத்த காரின் பின் அச்சைக் கொண்டு உழுவை செய்யலாம் என்று காட்டியவர்களுக்குக் காப்புரிமைப் பதிவேட்டில் இடமில்லை.

பிரிட்டனில் வேறொரு விடை கிடைத்தது. இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் 1936இல் வெளியிட்ட எம்.ஜி.2 என்னும் சிற்றுழுவை, பீரங்கி வண்டியைப்போல இருபுறமும் தடங்களில் ஊர்ந்து சென்றது. எடை பரவுவதால் மண் இறுகாது. ஈர நிலத்திலும் சறுக்காது. அதன் எஞ்சின் ஸ்டர்மி-ஆர்ச்சர். நம் நாட்டில் பழைய மிதிவண்டிகளின் பின்சக்கர நடுவில் அப்பெயரைப் படித்தவர்கள் பலர் இருப்பர். 1960களின் நடுப்பகுதி வரை இவ்வகை உழுவைகள் செய்யப்பட்டன.

அமெரிக்காவில் நான்கு சக்கர உழுவையை வணிகமாக்கியவர்களுள் பாண்ட் குடும்பத்தார் முக்கியமானவர்கள். ஹரால்டு பாண்ட் என்பவர் ஓஹையோவில் 'ஸ்பீடெக்ஸ்' உழுவைகளைச் செய்து வந்தார். அவருடைய உறவினர் எல்மர் பாண்டும் எல்மரின் மகன் செசில் பாண்டும் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், போர் முடிந்தவுடன், 1946இல் தொழில் தொடங்கினர். இரண்டு நிறுவனங்களும் பாண்ட் என்ற பெயரையே பயன்படுத்தியமையால் குழப்பம் எழ, செசில் தம் நிறுவனத்துக்கு 'வீல் ஹார்ஸ்' என்று பெயர் மாற்றினார். பல குதிரைகள் பூட்டிய வண்டியில் சக்கரத்தை ஒட்டி நின்று பெரும்பாரத்தைத் தாங்கும் குதிரைக்கு அந்தப் பெயர் வழங்கும். 1950களின் நடுப்பகுதியில் இந்நிறுவனம் கியர் பெட்டியையும் பின் அச்சையும் ஒரே வார்ப்புக் கூட்டுக்குள் அடக்கியது. அதுவரை காரின் உறுப்புகளை அறுத்து ஒட்டிவந்த தொழில், அன்று முதல் தனக்கென்று தனி உடல் பெற்றது.

இத்தொழில் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரைச் சுற்றிலும் செறிந்திருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். போர்ட் வாஷிங்டன் என்னும் சிறிய ஏரிக்கரை ஊரில் மட்டுமே போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என இரண்டு பெயர்பெற்ற நிறுவனங்கள். வாக்கஷா ஊரில் ஒன்று, வின்னகோனி ஊரில் ஒன்று. எஞ்சின்களுக்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் மில்வாக்கியிலேயே 1908இல் தொடங்கப்பட்டது. குளியல் தொட்டிகளுக்குப் பெயர்பெற்ற கோலர் நிறுவனமும் அதே மாநிலத்தில் எஞ்சின் செய்தது. தொட்டி வார்க்கத் தெரிந்தவனுக்கு எஞ்சின் உருளை வார்ப்பதும் கைவந்த கலைதானே.

காய்கறியா, புல்லா?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு மக்களை வீட்டுக் கொல்லைகளிலும் பொது இடங்களிலும் காய்கறி பயிரிடத் தூண்டியது. 'வெற்றித் தோட்டங்கள்' என்று அழைக்கப்பட்ட அவை ஏறத்தாழ 20 மில்லியன் இருந்தன என்றும், நாட்டின் காய்கறியில் 40 விழுக்காடு அவற்றில் விளைந்தது என்றும் மதிப்பிட்டனர். இரும்புத் தட்டுப்பாட்டால் உழுவைகள் அந்நாளில் மிகுதியாகக் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் நிறுவனங்கள் இந்தத் தோட்டக்காரர்களை நம்பியே களத்தில் இறங்கின. சியர்ஸ் அங்காடி 'டேவிட் பிராட்லி' என்ற பெயரில் இருசக்கர உழுவைகளை அஞ்சல்வழி விற்றது. கலப்பை, பரம்பு, களைக்கொத்து, விதைப்பான் என இணைப்புக் கருவிகள் நீண்ட பட்டியலாக வந்தன.

ஆனால் தோட்டக்காரன் மாறிக்கொண்டிருந்தான். 1947 முதல் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட் குடும்பத்தார் கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வீட்டின் முன் புல்தரை இருக்க வேண்டும். வெப்பக் காலத்தில் வாரந்தோறும் அதைக் கத்தரிக்க வேண்டும் என்பது அங்கு வீடு வாங்கியவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. அந்தச் சிறு மனைகளுக்கு உழுவை தேவையில்லை. கையால் தள்ளும் புல்வெட்டியே போதும். எனினும் அந்தக் குடியிருப்பு ஒரு பழக்கத்தை நிலைநாட்டியது. வீட்டைச் சுற்றி உள்ள நிலம் உண்பதற்கன்று, காண்பதற்கு என்பதே அப்பழக்கம். அதே பழக்கத்தோடு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மனைகளுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு உட்கார்ந்து ஓட்டும் கருவி வேண்டியிருந்தது. உழுவை நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் கிடைத்தார்கள்; உழவுதான் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்தரும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1947இல் 'ஃபார்மால் கப்' என்னும் சிற்றுழுவையை வெளியிட்டது. ஓரிரு கோவேறு கழுதைகளை வைத்து உழுதுவந்த சிறு உழவருக்காகச் செய்யப்பட்டது அது. எஞ்சினை இடப்புறம் ஒதுக்கி, இருக்கையை வலப்புறம் நகர்த்தியிருந்தனர். ஓட்டுநர் குனிந்து பார்த்தால் எஞ்சின் மறைக்காமல், களையெடுக்கும் கொத்தும் பயிர் வரிசையும் நேரே கண்ணில் படும். அச்சுகள் உயர்ந்து நின்றன. ஒவ்வொரு வளைவும் பயிரைக் கருதியே அமைந்தது.

அதே நிறுவனம், அதே கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில், 1961ஆம் ஆண்டுக்கென்று 'கப் கேடட்' என்னும் தோட்ட உழுவையைச் செய்தது. கப் உழுவையின் மூன்று கியர்ப் பெட்டியையே அடிப்படையாகக் கொண்டு, 7 குதிரைத்திறன் உள்ள கோலர் எஞ்சினைப் பொருத்தினர். ஆனால் எஞ்சின் நடுவில் வந்துவிட்டது. இருக்கையும் நடுவில் வந்துவிட்டது. பார்க்கவேண்டிய பயிர் வரிசை இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், வயிற்றுக்கடியில், புல்வெட்டும் தட்டு தொங்கியது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப அது சக்கரங்களோடு ஏறி இறங்க அவ்விடமே ஏற்றது. ஆகவே பயிருக்காக விடப்பட்ட உயர்ந்த வளைவு தேவையற்றதாகி, உடல் தரையை நோக்கித் தாழ்ந்தது. சிவப்பு வண்ணமும் போய், மஞ்சளும் வெள்ளையும் வந்தன. சிவப்பு பண்ணையின் நிறம் என்று கருதினார்கள் போலும்.

மக்கள் வரவேற்பு பிறரையும் இழுத்தது. ஜான் டியர் நிறுவனம் ஹோரிகன் ஊரில் விதைப்புக் கருவிகள் செய்துவந்த தன் தொழிற்சாலையில் 1963இல் 110 என்னும் வகையைச் செய்தது. இதிலும் 7 குதிரைத்திறன் கோலர் எஞ்சினே. இதன் புதுமை, விட்டம் மாறும் கப்பிகளில் ஓடும் வார். ஒரு கைப்பிடியை நகர்த்தினால் கியர் மாற்றாமலே வேகம் கூடும், குறையும். பற்சக்கரத்தைப் போற்றிய கிரேவ்லி கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் மரத்தைச் சுற்றியும் பூப்பாத்தியை ஒட்டியும் புல் வெட்டுபவருக்கு நொடிக்கு நொடி வேகத்தை மாற்ற வேண்டும். சால் பிடித்து நேராகப் போகிற உழவனுக்கு அத்தேவை இல்லை.

1965ஐ ஒட்டி எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் செலுத்தமைப்பு வந்தது. எஞ்சின் ஓர் எண்ணெய் ஏற்றியைச் சுழற்ற, அந்த எண்ணெய் ஒரு சுழலியைத் தள்ள, சுழலி சக்கரத்தைத் திருப்பும். ஏற்றியின் உள்ளே ஒரு தட்டைச் சாய்த்தால் வேகம் மாறும்; எதிர்ப்புறம் சாய்த்தால் வண்டி பின்னோக்கிப் போகும். ஒரே கைப்பிடியில் முன்னும் பின்னும்! இதன் வசதியை மறுக்க இயலாது. ஆனால் ஆற்றலில் ஒரு பகுதி எண்ணெய்ச் சூடாக வீணாகும். கடுமையான உழவுக்கு இழப்பு. புல் வெட்டுவதற்கு ஆதாயம். வடிவமைப்பாளர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அதைவிட ஆழமான மாற்றம் எஞ்சினின் நிலையில் ஏற்பட்டது. பழைய தோட்ட உழுவைகளில் எஞ்சினின் சுழல்தண்டு படுக்கையாக இருக்கும். சக்கரத்தைத் திருப்பவும், பின்னால் கலப்பைக்கு ஆற்றல் தரவும் அதுவே ஏற்றது. ஆனால் புல்வெட்டும் அலகு தரைக்கு இணையாகச் சுழல்கிறது. அதன் தண்டு நெட்டாக நிற்கிறது. படுக்கையான தண்டிலிருந்து நெட்டான தண்டுக்கு ஆற்றல் போக வாரை முறுக்கித் திருப்ப வேண்டும். எஞ்சினையே நெட்டாக நிறுத்திவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை, செலவும் குறைவு. 1953இல் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் அலுமினிய உடல் கொண்ட எஞ்சினைக் கொண்டுவந்ததும் சேர்ந்துகொள்ள, மலிவான, எடை குறைந்த, மடித்த தகட்டாலான 'புல்தரை உழுவைகள்' சந்தையை நிரப்பின. தோற்றத்தில் அவை உழுவைகளே. நீண்ட மூக்கும், பெரிய பின்சக்கரமும், இருக்கையும் உண்டு. கொழுவைக் கட்டி உழப்போனால், சக்கரம் சறுக்கும், செலுத்தமைப்பு தேய்ந்துபோகும். கலப்பை பூட்ட இயலாத உழுவை என்று அவற்றைச் சொன்னால் மிகையாகாது. அந்த நீண்ட மூக்கை விடாமல் வைத்திருந்ததுதான் எனக்கு வியப்பு. பண்ணையை விட்டுவந்து மூன்று தலைமுறையான பிறகும், தான் உழுபவன் என்னும் தோற்றத்தை வாங்குபவன் விரும்பினான்.

நிறமும் மின்கலமும்

1969இல் ஜான் டியர் நிறுவனம் 'பேஷியோ' என்னும் வரிசையை வெளியிட்டது. உடல் வெள்ளை, எஞ்சின் மூடியும் இருக்கையும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய நான்கில் விரும்பிய நிறம். பச்சையும் மஞ்சளுமே தன் அடையாளம் என்று பல்லாண்டு காத்துவந்த நிறுவனம், வீட்டுத் திரைச்சீலைக்கு இசைவாக உழுவைக்கு நிறம் கொடுக்க முன்வந்தது. 1971உடன் அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஏறக்குறைய அதே வேளையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்த 'எலெக்-டிராக்' இதனினும் சிந்தனைக்குரியது. ஆறு வோல்ட் மின்கலங்கள் ஆறினை வரிசையாக இணைத்து 36 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய உழுவை அது. இரைச்சல் இல்லை, புகை இல்லை. வேலி செடி கத்தரிக்கும் கருவி, மரம் அறுக்கும் வாள் முதலியவற்றை அதிலேயே செருகி இயக்கலாம். மின்கலங்களின் எடை உழுவைக்குப் பாரமாகாமல், சக்கரத்துக்குப் பிடிப்பாயிற்று. பீமன் காலத்தில் எஞ்சினை முன்னால் தள்ளி எடை தேடிய அதே கணக்கு மீண்டும் வந்ததைக் காண்க. விலை மிகுதி, பழக்கமின்மை அதைவிட மிகுதி. 1970களின் நடுப்பகுதியில் அவ்வுற்பத்தி நின்றது. மின்கல வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளில், அவ்வடிவத்தைத் தோல்வி என்று எழுதுவதற்குக் கை தயங்குகிறது.

அழகையும் வசதியையும் பற்றி இத்தனை சிந்தித்த தொழில், ஆபத்தைப் பற்றி நீண்ட நாள் சிந்திக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. பழைய உழுவைகளில் வார்களும் கப்பிகளும் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. இறங்கிய பின்னும் அலகு சுழன்றுகொண்டிருக்கும். விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் பலர். குழந்தைகளும் அவர்களுள் உண்டு. 1982 முதல், பின்னால் நடந்து செலுத்தும் புல்வெட்டிகளில் கைப்பிடியை விட்ட மூன்று நொடிக்குள் அலகு நிற்க வேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. இருக்கையை விட்டு எழுந்தவுடன் எஞ்சினை நிறுத்தும் அமைப்பும் நாளடைவில் பரவிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் செய்ய முயலாத அருஞ்செயல் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு பொத்தானும் ஒரு கம்பியுமே தேவைப்பட்டன. இக்கருவிகளைப் போற்றி எழுதுவோர் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே கடந்துவிடுகின்றனர்.

கைமாறிய பெயர்கள்

1980களில் பெயர்கள் கைமாறத் தொடங்கின. பண்ணைக் கருவித் தொழிலில் நட்டமுற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், 1981இல் கப் கேடட்டை எம்.டி.டி. நிறுவனத்துக்கு விற்றது. கிரேவ்லி 1982இல் ஏரியன்ஸ் நிறுவனத்திடமும், வீல் ஹார்ஸ் 1986இல் டோரோ நிறுவனத்திடமும் சென்றன. இன்னொரு புறம் கூபோட்டா போன்ற சப்பானிய நிறுவனங்களின் சிறு டீசல் உழுவைகள், உண்மையாகவே உழவேண்டியிருந்தவர்களை ஈர்த்துக்கொண்டன. புல் மட்டும் வெட்டுவோருக்கோ, நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி வந்துவிட்டது. கான்சஸ் மாநிலத்தின் ஜான் ரெஜியர் 1963இல் செய்த கருவியிலிருந்து வளர்ந்த அவ்வகைக்கு மூக்கு இல்லை, திருப்பு சக்கரம் இல்லை; உழுவை என்று நடிக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு புறமும் நெருக்கப்பட்ட தோட்ட உழுவை, நடுவில் நின்று மெலிந்தது.

பழைய உழுவைகள் அழிந்துவிடவில்லை. வார்ப்பிரும்பு எஞ்சினைக் கழற்றித் துளை பெருக்கி, புதிய உந்துதண்டு போட்டு, மீண்டும் ஓட்டலாம். வேண்டிய கருவிகள் ஒரு சிறு பெட்டியில் அடங்கும். செய்தவர்கள் அறிந்தோ அறியாமலோ, வாங்கியவனே பழுது பார்க்கத்தக்கதாக அதனைச் செய்துவிட்டார்கள். மடித்த தகட்டு உழுவைகள் பல துருப்பிடித்துப் போன பின்னும், 1960களின் கனத்த உழுவைகள் கொட்டகைகளில் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் இவற்றைச் சேர்த்துப் புதுப்பிக்கும் சங்கங்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்தபின் அவர்கள் 'உழவு நாள்' ஒன்று நடத்துகிறார்கள். கென்டக்கி மாநிலத்தில் 1839ஆம் ஆண்டிலேயே குதிரைக்குக் கலப்பை செய்யத் தொடங்கிய பிரின்லி நிறுவனத்தின் சிறு கலப்பைகளைப் பூட்டி, பத்து அங்குல அகலச் சால்களை வரிசையாகப் போடுகிறார்கள். தங்கள் வீட்டு மனைகளில் உழுவதற்கு இடமில்லை, எல்லாம் புல். ஆகவே அக்கம்பக்கத்து உழவர் ஒருவர் அந்த ஒரு நாளுக்குத் தம் வயலின் ஓரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்.